குடலும் ஈரலும் குப்பைக்கல்ல!

 

சென்ற ஹஜ்ஜுப் பெருநாளைக்குத் தர்மபுரி மாவட்டத்தில் பென்னாகரத்துப் பக்கம் இருக்கும் என் மாமியின் இல்லத்திற்குச் சென்றிருந்தேன். நல்லம்பள்ளிச் சந்தையில் வாங்கி வந்த இரண்டு கிடாய்கள் கொல்லையில் கட்டப்பட்டிருந்தன. பெங்களூரில் வேலை செய்யும் பிள்ளைகள் இருவரும் வந்திருந்தனர். பெருநாள் தொழுகை முடிந்து முதல் கிடாய் குர்பானி கொடுக்கப்பட்டது. கறி மூன்று பங்காகப் பிரிந்தது. உறவினருக்கும் ஏழைகளுக்கும் உரிய பங்குகள் பைகளில் ஏறின. எல்லாம் முறைப்படியே நடந்தன.

அறுத்தவர், "குடல், சுவரொட்டி, தலை, கால் எல்லாம் என்ன செய்ய?" என்று கேட்டார். "யார் உட்கார்ந்து கழுவுவது? தலையையும் தோலையும் கூலிக்கு நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள். மற்றதைப் பின்னால் ஓடையில் போட்டுவிடுங்கள்" என்றார் இளைய மகன். சற்று நேரத்தில் ஓடைக்கரையில் தெருநாய்களின் சண்டை கேட்டது.

திண்ணைக் கட்டிலில் படுத்திருந்த மாமி தலையைத் தூக்கினார். "ஏம்ப்பா, பிள்ளைத்தாச்சி பெண்ணை வீட்டில் வைத்துக்கொண்டு சுவரொட்டியை நாய்க்கா போட்டீர்கள்?" என்றார். ஒருவரும் வாய் திறக்கவில்லை. அந்த வீட்டின் இளைய மருமகளுக்கு அப்போது ஆறாம் மாதம். ஆரம்ப சுகாதார நிலையத்தில் எடுத்த இரத்தப் பரிசோதனையில் ஹீமோகுளோபின் எட்டரை கிராம்தான் என்று வந்திருந்தது. கர்ப்பிணிக்கு அது 11 கிராமுக்குக் குறையலாகாது என்பது பொதுவாகக் கொள்ளப்படும் அளவு.

மாமியின் கேள்வி என் நெஞ்சிலேயே தங்கிவிட்டது. ஆகவே இம்மாத அடுக்களைப் பக்கத்தை அந்தக் கேள்விக்கே ஒதுக்குகிறேன்.

களியும் குடல் குழம்பும்

தர்மபுரி மழை குறைந்த மேட்டு நிலம். 1965ஆம் ஆண்டு சேலத்திலிருந்து பிரிந்து தனி மாவட்டமாயிற்று. 2004இல் கிருஷ்ணகிரி அதிலிருந்து பிரிந்தது. நெல் விளையும் நிலம் குறைவு. கேழ்வரகும் சாமையும் அவரையும் துவரையும் மானாவாரியாக விளையும். அரிசிச் சோறு பண்டிகைக்கும் விருந்தாளிக்கும் என்றிருந்த காலம் ஒன்று இருந்தது. அன்றாட உணவு கேழ்வரகுக் களி. கொதிக்கும் நீரில் மாவைத் தூவித் துடுப்பால் கிண்டி, உருண்டையாக்கி, நடுவில் குழி செய்து குழம்பை ஊற்றுவார்கள்.

அந்தக் குழிக்குள் ஊற்ற ஏற்றது கெட்டியான, காரமான, கொழுப்புள்ள குழம்பு. கறி விலை எட்டாத வீடுகளுக்கு அதைத் தந்தவை ஆட்டின் குடலும் தலையும் காலும்தாம். சேலம் கருப்பு ஆடு என்று பெயர் பெற்ற நாட்டு ஆட்டினம் இந்த வட்டாரத்துக் கரடுகளில் மேய்ந்து வளர்வது. அதன் எந்த உறுப்பும் வீணாகக் கூடாதென்று நம் முன்னோர் ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயரும் ஒரு பக்குவமும் வைத்திருந்தனர்.

மண்ணீரலுக்குச் சுவரொட்டி என்று பெயர். சுவரில் எறிந்தால் ஒட்டிக்கொள்ளும் என்பதால் அப்பெயர் வந்தது என்பர். சிறுநீரகத்தைக் குண்டிக்காய் என்பர். குடலையும் இரைப்பையையும் சேர்த்துச் சமைத்தால் போட்டி. உருது பேசும் நம் சகோதரிகளின் வீடுகளில் ஈரல் கலேஜியாகவும், கால் பாயாவாகவும், மூளை பேஜாவாகவும் வழங்கும். பெயர் வேறானாலும் அடுப்பும் பொறுமையும் ஒன்றே.

குர்பானிக் கறியை மஞ்சளும் உப்பும் மிளகாயும் தடவி, நூலில் கோத்து, வெயிலில் காயவைத்து உப்புக்கண்டமாக்கும் வழக்கமும் அவ்வாறே வந்தது. குளிர்பதனப் பெட்டி இல்லாத காலத்தில் பெருநாள் கறி பல வாரங்களுக்குப் பயன்பட்டது அதனால்தான்.

மார்க்கம் எதை அனுமதிக்கிறது?

"இவற்றையெல்லாம் உண்ணலாமா?" என்று ஐயுறும் சகோதரிகள் பலர். தாமாகச் செத்தது, ஓடும் இரத்தம், பன்றியின் மாமிசம், அல்லாஹ் அல்லாத பிறர் பெயரால் அறுக்கப்பட்டது ஆகியவற்றைத் திருக்குர்ஆன் தடை செய்கிறது. 'ஓடும் இரத்தம்' என்று அது பிரித்துக் கூறுவதைக் கவனியுங்கள். முறைப்படி அறுத்துக் குருதி வெளியேறிய பின் நரம்பிலும் தசையிலும் தங்கும் சிறிதளவு அத்தடையில் அடங்காது. இறந்தவற்றில் மீனும் வெட்டுக்கிளியும், இரத்தத்தில் ஈரலும் மண்ணீரலும் நமக்கு ஆகுமாக்கப்பட்டன என்ற கருத்தில் நபிமொழி ஒன்று இப்னு மாஜா முதலிய நூல்களில் வந்துள்ளது. ஆகவே ஈரலைப் பற்றியும் சுவரொட்டியைப் பற்றியும் ஐயத்திற்கே இடமில்லை.

ஹனஃபி மத்ஹபில் ஹலாலான பிராணியிலும் ஏழு பகுதிகள் விலக்கப்படுகின்றன. அவை ஓடும் இரத்தம், ஆண் மறைவுறுப்பு, பெண் மறைவுறுப்பு, விதைகள், சுரப்பிக் கட்டிகள், சிறுநீர்ப்பை, பித்தப்பை ஆகியன. ஷாஃபி மத்ஹபில் இவற்றுள் சிலவற்றில் கருத்து வேறுபாடு உண்டு. குடலையும் இரைப்பையையும் நன்கு கழுவியபின் உண்ணலாம் என்பது ஆலிம்கள் பலரின் தீர்ப்பு. வெறுக்கத்தக்கது என்று கூறுவோரும் உள்ளனர். உங்கள் பள்ளிவாசல் இமாமிடம் கேட்டு நடப்பதே நலம். மனம் ஒப்பாவிட்டால் உண்ணாதிருப்பதிலும் குற்றமில்லை. ஆனால் நாம் உண்ணாததை உண்ணுகிறவருக்குக் கொடுக்காமல் ஓடையில் எறிவதற்கு எந்த மத்ஹபிலும் இடமில்லை.

இங்கே மற்றொன்றையும் சொல்லியாக வேண்டும். தலையையும் தோலையும் கூலியாகக் கொடுப்பது நம் ஊர்களில் சர்வ சாதாரணம். குர்பானிப் பிராணியிலிருந்து எதையும் அறுப்பவருக்குக் கூலியாகக் கொடுக்கலாகாது என்று நபி (ஸல்) அவர்கள் தமக்குக் கட்டளையிட்டதை அலீ (ரலி) அவர்கள் அறிவித்துள்ளார்கள். கூலியைப் பணமாகத் தனியே கொடுத்துவிட வேண்டும். அதன்பின் தலையையோ காலையோ அன்பளிப்பாகக் கொடுத்தால் அது நன்மையாகும்.

சுவரொட்டியில் என்ன இருக்கிறது?

2019-21ஆம் ஆண்டுகளில் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் நூற்றுக்கு 53.4 பேருக்கு இரத்தசோகை. இரண்டு பெண்களில் ஒருத்திக்கு மேல் என்று பொருள். உங்கள் வீட்டில் தாய், மருமகள், இரு பெண்மக்கள் என நால்வர் இருந்தால் யாருக்கு இருக்கிறதென்று எண்ணிப் பாருங்கள். மூச்சு வாங்குவதும், தலை சுற்றுவதும், முகம் வெளிறுவதும் 'பெண்களுக்கு இயல்பு' என்று ஒதுக்கப்படுகின்றன. பேற்றின்போது உதிரப்போக்கு ஏற்பட்டால், இரத்தம் குன்றிய உடல் அதைத் தாங்குவதில்லை. தாயை இழக்கும் குடும்பங்களுக்கு அதன் பொருள் தெரியும்.

நூறு கிராம் ஆட்டு ஈரலில் ஏறத்தாழ 7 மில்லிகிராம் இரும்புச்சத்து உள்ளது. அதே எடையுள்ள மண்ணீரலிலோ சுமார் 40 மில்லிகிராம்! பழைய சிவப்பணுக்களைச் சிதைத்து, அவற்றின் இரும்பைத் தேக்கிவைப்பது அவ்வுறுப்பின் பணி. பிள்ளைத்தாய்ச்சிக்குச் சுவரொட்டி என்று நம் பாட்டிமார் ஒதுக்கிவைத்தது வெறும் நம்பிக்கையன்று. கேழ்வரகிலும் இரும்பு உண்டு; சுண்ணாம்புச் சத்தோ நூறு கிராமுக்கு 350 மில்லிகிராம் அளவில் உண்டு. ஆனால் தானியத்து இரும்பை உடல் குறைவாகவே ஏற்கும். மாமிசத்து இரும்பை எளிதில் ஏற்கும். மாமிசத்தோடு சேர்த்து உண்ணும்போது தானியத்து இரும்பும் கூடுதலாக உடலில் சேரும். களியும் குடல் குழம்பும் இணைந்ததில் இத்தகைய நன்மையும் அடங்கியிருந்தது. எலுமிச்சைச் சாறு இதற்குத் துணை செய்யும். உண்டவுடன் குடிக்கும் தேநீர் கெடுக்கும். ஒரு மணி நேரமாவது தள்ளிப் பருகுங்கள்.

எச்சரிக்கையும் வேண்டும்

நல்லது என்பதற்காக அளவு மீறலாகாது. ஈரலில் வைட்டமின் 'ஏ' மிகுதி. கருவுற்ற பெண்கள், குறிப்பாக முதல் மூன்று மாதங்களில், ஈரலை அடிக்கடி உண்பது கருவிலுள்ள குழந்தைக்குத் தீங்காகலாம். மருத்துவரைக் கேட்காமல் அவர்களுக்கு ஈரலைத் திணிக்காதீர்கள். சுவரொட்டியில் அந்தச் சிக்கல் இல்லை. ஆயினும் தணலில் அரைகுறையாகச் சுட்டுக் கொடுக்கும் பழைய முறை கூடாது. வேகாத மாமிசத்தின் மூலம் வரும் கிருமிகள் கருவைத் தாக்கக்கூடும். உள்ளே சிவப்பு மாறும்வரை வேகவையுங்கள்.

ஆட்டு மூளையில் நூறு கிராமுக்கு 1300 மில்லிகிராமுக்கு மேல் கொழுப்புச்சத்தான கொலஸ்ட்ரால் உள்ளது. இதய நோயாளிகள் விலகியிருப்பது நல்லது. மூட்டுகளில் யூரிக் அமிலம் சேர்ந்து வலிக்கும் நோயுள்ளவர்களுக்கு ஈரல், குண்டிக்காய், சுவரொட்டி மூன்றுமே ஆகா.

பித்தப்பையைப் பற்றி ஒரு சொல். ரோகு, கட்லா போன்ற கெண்டை இன மீன்களின் பித்தப்பையை மருந்தென்று எண்ணிப் பச்சையாக விழுங்கிச் சிறுநீரகம் செயலிழந்தவர்கள் நம் நாட்டிலேயே உண்டு. ஒகேனக்கல்லில் காவிரி மீன் வாங்கும் சகோதரிகள் தலையையும் சினையையும் தாராளமாகச் சமைக்கலாம். பித்தப்பையை மட்டும் உடையாமல் எடுத்து எறிந்துவிடுங்கள்.

எல்லாவற்றிற்கும் மேலாக, மருந்துக்கு உணவு மாற்றன்று. கர்ப்ப காலத்தில் 180 நாட்கள் உட்கொள்ள வேண்டிய இரும்பு, ஃபோலிக் அமில மாத்திரைகள் அரசு சுகாதார நிலையங்களில் இலவசமாகக் கிடைக்கின்றன. மலம் கறுக்கிறது, குமட்டுகிறது என்று அவற்றைப் பெட்டியில் பூட்டி வைப்போர் ஏராளம். சுவரொட்டி சாப்பிட்டாலும் மாத்திரையை நிறுத்தக்கூடாது.

காட்டு மாமிசம் வேண்டாம்

மலையும் காடும் சூழ்ந்த மாவட்டம் என்பதால் உடும்பு, காட்டுமுயல், காட்டுக்காடை பற்றிய பேச்சும் அங்கே எழும். "முயல் ஹலால்தானே?" என்று கேட்பார்கள். ஹலால்தான். அனஸ் (ரலி) அவர்கள் பிடித்த முயலின் தொடைப் பகுதி அனுப்பப்பட்டபோது, நபி (ஸல்) அவர்கள் அதை ஏற்றுக்கொண்டதாக ஹதீஸ் உள்ளது. ஆனால் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி காட்டுமுயலையோ காட்டுக்காடையையோ வேட்டையாடுவது குற்றம். நாட்டின் சட்டத்தை மீறித் தன்னையும் குடும்பத்தையும் இழிவில் தள்ளுவது முஸ்லிமுக்கு அழகன்று. பண்ணையில் வளரும் ஜப்பானியக் காடை எங்கும் கிடைக்கிறது. ஆசையுள்ளோர் அதை வாங்கலாம்.

உடும்பு பற்றி ஒரு தவறான எண்ணம் நிலவுகிறது. நபி (ஸல்) அவர்களின் முன்னிலையில் காலித் பின் வலீத் (ரலி) அவர்கள் உண்ட 'ளப்பு' என்னும் பிராணியைத் தமிழ் நூல்களில் உடும்பு என்று மொழிபெயர்த்துவிட்டனர். அது பாலைவனத்தில் பெரும்பாலும் செடிகொடிகளை மேயும், முள்வால் கொண்ட வேறொரு பிராணி. தமது சமூகத்தாரின் நிலத்தில் இல்லாத உணவு என்பதால் நபி (ஸல்) அவர்கள் அதை உண்ணவில்லை, பிறரைத் தடுக்கவுமில்லை. ஹனஃபி மத்ஹபில் அதுவும் விலக்கப்பட்டதே. நம் ஊர் உடும்போ பிற உயிர்களைப் பிடித்துத் தின்னும் ஊனுண்ணி. சட்டத்தின் முதல் பட்டியலில் இருப்பதால், அதை வேட்டையாடினால் 3 ஆண்டுகளுக்குக் குறையாமல் 7 ஆண்டுகள் வரை சிறைத்தண்டனை உண்டு. முதுகுவலிக்கு உடும்புக்கறி என்று யாரேனும் கொண்டுவந்தால் வாசலிலேயே திருப்பி அனுப்புங்கள்.

நோயுற்றுத் தானாகச் செத்த ஆட்டை அறுப்பதும் அத்தகையதே. மார்க்கம் அதை ஹராமாக்கியிருக்கிறது. அடைப்பான் நோயில் செத்த ஆட்டை அறுத்தவரின் கையிலுள்ள சிறு கீறல் வழியாகவே அந்நோய் மனிதருக்குத் தொற்றும்.

கழுவும் பக்குவம்

"யார் உட்கார்ந்து கழுவுவது?" என்பதுதானே இளைஞர்களின் கேள்வி? அதற்கும் விடை சொல்கிறேன்.

குடலை முழ நீளத் துண்டுகளாக நறுக்கி, உள்ளிருப்பதைப் பிதுக்கி எடுங்கள். ஈர்க்குச்சியின் முனையில் குடலின் ஒரு நுனியைச் செருகி உருவினால் உட்புறம் வெளியே வரும். கல்லுப்பும் மஞ்சளும் போட்டுப் பிசைந்து, தண்ணீர் தெளியும்வரை நான்கைந்து முறை அலசுங்கள். இரைப்பையைக் கொதிநீரில் சில நிமிடம் அமிழ்த்தி எடுத்தால் கறுப்புத் தோல் தளரும். கத்தி முதுகால் சுரண்டினால் வெள்ளையாகிவிடும். புத்தக ஏடுபோல் மடிப்பு மடிப்பாக இருக்கும் பகுதியை ஒவ்வோர் ஏடாக விரித்துக் கழுவ வேண்டும். தலையையும் காலையும் தீயில் வாட்டி, மயிரைச் சுரண்டி, மஞ்சள் பூசிக் கழுவுங்கள். நாக்கைக் கொதிநீரில் போட்டெடுத்து மேல்தோலை உரியுங்கள்.

கழுவிய குடலை மஞ்சள், உப்பு, இஞ்சி, பூண்டு சேர்த்து முதலில் வேகவைத்து, அந்த நீரை வடித்துவிட்டால் வாடை போய்விடும். வறுத்த மல்லி, மிளகாய், மிளகு, சீரகம், பட்டை, கிராம்பு, சின்ன வெங்காயம், தேங்காய் இவற்றை அரைத்து ஊற்றி, ஊறவைத்த மொச்சைக்கொட்டையும் சேர்த்து மறுபடி கொதிக்கவிடுங்கள். குழம்பின் மேல் எண்ணெய் மிதந்ததும் இறக்கலாம். குக்கர் இருக்கும் இக்காலத்தில் இது ஒரு காலை வேளையின் வேலைதான். ஆண்மக்களும் கைகொடுத்தால் அதுவும் பாதியாகும்.

ஓடையில் எறிவதன் ஆபத்து

ஈரலிலோ நுரையீரலிலோ நீர் நிறைந்த வெண்ணிறக் கொப்புளங்கள் தென்பட்டால் அப்பகுதியை உண்ணாதீர்கள். நாயின் குடலில் வாழும் ஒருவகை நாடாப்புழுவின் இளநிலை அது. அந்த ஈரலை நாய் தின்றால் புழு அதன் வயிற்றில் வளர்ந்து, முட்டைகள் மலத்தோடு வெளியேறும். அம்முட்டைகள் மண்ணிலும் கீரையிலும் குழந்தைகளின் கைகளிலும் ஒட்டி நம் வயிற்றுக்குள் புகுந்தால், ஈரலிலும் நுரையீரலிலும் நீர்க்கட்டிகள் பல ஆண்டுகள் ஓசையின்றி வளரும். அறுவை சிகிச்சை வரை கொண்டுபோய்விடும். கழிவுகளை நாய் தோண்ட முடியாத ஆழத்தில் குழி வெட்டிப் புதைத்து, மேலே கல் வையுங்கள். கொப்புளமுள்ள உறுப்பை வேகவைத்தோ எரித்தோ புதைப்பது இன்னும் நல்லது. ஓடை ஒரு வீட்டுக்குச் சொந்தமானதன்று. அதன் ஓரத்தில் வாழும் மாற்று மதச் சகோதரர்களுக்கும் அதில் உரிமை உண்டு. அவர்கள் முகம் சுளிக்கும்படி நம் தியாகத் திருநாள் அமையலாகாது.

முதல் கரண்டி யாருக்கு?

இறுதியாக ஒன்றைக் கூறுகிறேன். பல வீடுகளில் ஈரல் வறுவல் ஆண்களின் தட்டுக்குப் போகிறது. பெண்கள் கடைசியில் அமர்ந்து, சட்டியில் ஒட்டியதை வழித்து உண்கிறார்கள். மாதந்தோறும் இரத்தம் இழப்பவள் அவள். கருவைச் சுமப்பவளும் அவள்தான். நம் பாட்டிமார் படிக்கவில்லை. ஆயினும் சுவரொட்டி யாருக்கு என்பதில் அவர்களுக்குக் குழப்பமில்லை. நாம் படித்திருக்கிறோம், அதை ஓடையில் எறிகிறோம்.

மாமி வீட்டில் இரண்டாவது கிடாய் மறுநாள்தான் குர்பானி கொடுக்கப்பட்டது. அறுத்தவருக்குக் கூலியைப் பணமாகக் கொடுத்தார் மூத்த மகன். தலையும் காலும் பக்கத்துத் தெருவில் கேட்டிருந்த ஒரு கைம்பெண்ணின் வீட்டுக்குச் சென்றன. இளைய மகன் தானே குந்தி அமர்ந்து, மாமி கட்டிலிலிருந்து சொல்லச் சொல்லக் குடலைக் கழுவினார். இரண்டு முறை அலசிவிட்டு எழுந்தவரை, "இன்னும் இரண்டு தண்ணீர்!" என்று மாமி உட்கார வைத்தார். சுவரொட்டியை மிளகும் சின்ன வெங்காயமும் சேர்த்து நன்றாக வதக்கி, களி உருண்டையோடு தம் மனைவியின் முன் வைத்தவரும் அவரே. அந்தப் பெண் மாமியாரைப் பார்த்துத் தயங்கினாள். "நீ சாப்பிடு தாயீ, நாங்கள் அப்புறம்" என்றார் மாமி.

ஒரு சுவரொட்டியால் எட்டரை பதினொன்றாகிவிடாது. அவள் மாத்திரையையும் விடாமல் உட்கொள்ள வேண்டும். மறுமாதம் பரிசோதனைக்கும் செல்ல வேண்டும். ஆனால் அன்று அந்த வீட்டில் முதல் கரண்டி உரியவளுக்குப் போய்ச் சேர்ந்தது. அடுத்த முறை உங்கள் வீட்டில் ஆடு அறுபடும்போது, கறியைப் பங்கிடுமுன் இதையும் சற்றே நினைவுகூருங்கள்.

அல்லாஹ் அளித்த அருட்கொடைகளை வீணாக்காமல், உரியவருக்கு உரியதை வழங்கி வாழும் நற்பேற்றினை வல்ல ரஹ்மான் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.

வஸ்ஸலாம்.